நீடாமங்கலம் கேட்டில் இரண்டு கேமரா

கேட் போட்டுவிட்டார்கள்.
எப்படியும் இருபது நிமிஷம்.
ஸ்கூட்டர் சீட்டில் துண்டை விரித்து
ஜபருல்லா கடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்த
இரண்டு மிரர்லெஸ்ஸையும் வைத்தேன்,
இரண்டு வரனின் ஜாதகம் மாதிரி.

ஒன்று, முகத்தை விடவே விடாது.
கூட்டத்துக்கு நடுவே கல்யாணப்பெண்
திரும்பிக் கொட்டாவி விட்டாலும்
கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.
ஆனால் மண்டபத்து ட்யூப்லைட்டில்
எல்லோருக்கும் மஞ்சள் காமாலை.

மற்றது நிறத்தில் நாணயம்.
நாற்றங்கால் பச்சை வேறு,
நட்டு இருபது நாளான குறுவையின் பச்சை வேறு
என்று அதற்குத் தெரிகிறது.
ஹோமப் புகை எழுந்தால் மட்டும்
எதைப் பார்ப்பதென்று தெரியாமல்
முன்னும் பின்னும் மூச்சு வாங்கும்.

வில்சன் போனில் கத்துகிறான்:
பாடி நாலு வருஷம்டா, லென்ஸ்தான் ஆயுசுக்கு.
மவுண்ட்டை மாத்தினா சம்பந்தி வீட்டையே மாத்தின மாதிரி.
என்னிடம் இருக்கும் மூன்று லென்ஸும்
அந்த நாணயக்காரன் வாய்க்குச் செய்தவை.
மஞ்சள்காரனுக்கு அடாப்டர் போடலாம்.
போட்டால் ஃபோகஸ் வரும்,
கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி.

ரயில் வந்தது. இரண்டிலும் எடுத்தேன்.
மஞ்சள்காரனில் பெட்டிகள் எல்லாம்
ஒருக்களித்துச் சாய்ந்தபடி ஓடின.
கெட்டிமேளத்தில் தவில் குச்சியும்
இப்படித்தான் ரப்பராய் வளையும்.
மற்றதில் ரயில் நிமிர்ந்தே போனது.
போன பிறகும் கேட் திறக்கவில்லை, எதிர் வண்டியாம்.
ஓடவிட்டுப் பார்த்தேன்.
பதினெட்டாவது நிமிஷம்
திரையில் சிவப்பாய் ஒரு தெர்மாமீட்டர்,
அணைந்துவிட்டது.
ஆனி வெயில். எனக்கும்தான் கொதிக்கிறது.
தாலி கட்டும் நேரத்தில்
நான் அணைந்துபோக முடியுமா?

பக்கவாட்டு மூடிகளைத் திறந்தேன்.
நாணயக்காரனில் ஒரு கார்டு.
மஞ்சள்காரனில் இரண்டு.

ஆவூர் கலியமூர்த்தி வீட்டுக் கல்யாணம்
ஒரே கார்டில் இருந்தது.
மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டால்
ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது,
வந்தவரைத் தண்ணி குடிக்கிறீங்களா என்று
கேட்கிற அதே மரியாதையோடு.
மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீடு வரை
ஒன்றுமில்லை.
தஞ்சாவூரில் ஒன்பதாயிரம் கொடுத்து மீட்டது
பதினோரு விநாடி.
படம் இல்லை, சத்தம் மட்டும்.
யாரோ, "சாம்பார் இந்தப் பக்கம், சாம்பார் இந்தப் பக்கம்."

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
கலியமூர்த்தி எண்ணாமல் வாங்கி
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
திட்டியிருக்கலாம்.

புரட்டாசியில் மகள் சுகப்பிரியா பேசினாள்.
அப்பா போய் நாற்பது நாள்.
"எதிலயாவது ஒரு ஓரத்துல நின்னுக்கிட்டு..."
முடிக்கவில்லை.
வேறு எதுவும் இல்லாததால்
அந்தப் பதினோரு விநாடியை அனுப்பினேன்,
அனுப்பியதற்கு வெட்கப்பட்டேன்.
ராத்திரி பதில் வந்தது:
சாம்பார் கேக்குறது அப்பாதான்.

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் வைக்கோல் லாரி
என் முதுகில் ஹாரன் அடிக்கிறது.
மஞ்சளை ராத்திரி உட்கார்ந்து குறைத்துக்கொள்வேன்.
குறையாவிட்டாலும்
கல்யாண வீட்டில் மஞ்சள் கூடிப்போச்சு என்று
யார் சண்டைக்கு வருவார்கள்?
ரயில் சாய்ந்தால் சாயட்டும்,
எனக்கு ரயில் ஆர்டர் வந்ததில்லை.
தவில்காரரிடம் மட்டும்
கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும்.

லென்ஸ் இரண்டை விற்றுவிடலாம்.
மூன்றாவது, போன ஐப்பசி மழையில்
உள்ளே பூஞ்சை பிடித்த ஐம்பது எம்.எம்.
யாரும் வாங்க மாட்டார்கள்.
இருக்கட்டும்.
வில்சனுக்கு இன்னும் விலை சொல்லவில்லை.